தூத்துக்குடிக் கப்பலும் தென்காசி மென்பொருளும்

ஸ்ரீதர் வேம்புவிடம் கற்க வேண்டிய தொழில் பாடங்கள் கல்லூரி விழா மேடைகளில் இன்று ஏறத்தாழ மனப்பாடப் பகுதியாகிவிட்டன. வெளியார் முதலை நம்பாதே, பட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்காதே, நகரத்தை விட்டு ஊருக்குப் போ, அவசரப்படாதே. நான்கும் நல்ல பாடங்கள்தாம். ஆனால் தனியே எடுத்து வைத்தால் அவை வெறும் புத்திமதிகளாகவே நிற்கின்றன. ஏன் அப்படிச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன நேரும் என்பது அவற்றில் தெரிவதில்லை. அது தெரிய வேண்டுமானால், அப்படிச் செய்ய முடியாமற்போன இன்னொரு நிறுவனத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் இருப்பவர்கள் அந்த இன்னொன்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுப்பிரமணிய சிவா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று கண்மூடிய ஊர் இது. சிவாவைப் பற்றிப் பேச்செடுத்தால் வ.உ.சி. வருவார், வ.உ.சி. வந்தால் கூடவே கப்பலும் வரும்.

வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியையும் வேம்பு தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஜோஹோவையும் தேசபக்தியை வைத்து ஒப்பிடுவது எளிது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தம் அலுவலக ஆவணங்களுக்கு ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தபோது, சுதேசி என்ற பழைய முழக்கம் மறுபடியும் எல்லார் வாயிலும் புழங்கியது. அந்த ஒப்பீடு தவறில்லை, ஆனால் சீக்கிரமே தீர்ந்துபோகும். இரண்டின் கணக்குப் புத்தகங்களையும் அருகருகே விரித்து வைத்தால்தான் எதிர்பாராத உறவுகளும் எதிர்பாராத முரண்களும் தெரியத் தொடங்குகின்றன.

முதலில் தெரிவது உறவு. தொடங்கிய இருவருமே அந்தத் தொழிலுக்குப் புறத்தார். வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர்; கப்பல் தொழில் அவர் குடும்பத்தில் இல்லை. வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் மின்பொறியியல் படித்து, சான் டியேகோவில் குவால்காமில் வேலை பார்த்தவர். வியாபாரம் அவர் குடும்பத்தில் இல்லை. ஒருவர் 1906 அக்டோபர் 16 அன்று கம்பெனியைப் பதிவு செய்தார். மற்றவர் 1996இல் சகோதரர்களோடும் டோனி தாமஸோடும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கினார். 2009இல் அது ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. பழைய திருநெல்வேலிச் சீமையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டால் கிழக்கு ஓரத்தில் தூத்துக்குடித் துறைமுகமும் மேற்கு ஓரத்தில் மலையடிவாரத்து மத்தளம்பாறையும் இருக்கும். தமிழர் தொடங்கிய நிறுவனங்களில் உலகப் பெருங்கம்பெனிகளோடு நேருக்கு நேர் மோதியவை என்று இரண்டைச் சொல்லச் சொன்னால், இரண்டும் ஒரே பழைய மாவட்டத்தின் இரு கரைகளில் கால் ஊன்றியவையாக இருப்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இரண்டாவது உறவு இன்னும் நெருக்கமானது. இரண்டின் மீதும் வீசப்பட்ட ஆயுதம் ஒன்றே: இலவசம்.

தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கைக்குள் இருந்தது. வ.உ.சி. முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார். பிரிட்டிஷ் கம்பெனி நெருக்குதல் கொடுத்ததும் வாடகைக் கப்பல் கைநழுவியது. இலங்கையிலிருந்து இன்னொன்றை அமர்த்தி நாளைக் கடத்திய வ.உ.சி., சொந்தக் கப்பல் இல்லாமல் தொழில் நடக்காது என்று கண்டு வடக்கே போய் முதல் திரட்டினார். 1907இல் காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளும் நாலாயிரம் மூட்டைச் சரக்கும் போகலாம். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. கடைசியில் வெள்ளையர் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம் என்றது. அதற்கும் ஆள் சேராமல் ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாமாகத் தந்தது.

அந்தக் குடையை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போகின்றன. வணிக உத்தி என்று பார்த்தால் அது மிகத் துல்லியமான கணக்கு. பல கடல்வழிகளில் லாபம் ஈட்டும் கம்பெனி ஒரே ஒரு வழியில் நட்டப்படத் துணிகிறது. அந்த ஒரே வழியைத் தவிர வேறு பிழைப்பில்லாத கம்பெனியால் அந்த நட்டத்தைத் தாங்க முடியாது என்று அதற்குத் தெரியும். குடை பயணிக்குக் கொடுத்த அன்பளிப்புப்போல் தோன்றினாலும், அதன் குறி எதிரியின் பணப்பெட்டிதான்.

சுதேசிக் கம்பெனி பதிவாகிச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2006 அக்டோபரில், கூகுள் தன் எழுத்துக் கோப்பையும் கணக்கு விரிதாளையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. ஜோஹோ தன் ரைட்டரை அதற்கு ஓராண்டு முன்புதான் வெளியிட்டிருந்தது. விளம்பரத்தில் கோடி கோடியாக ஈட்டும் நிறுவனம் மின்னஞ்சலையும் கோப்புகளையும் விலையில்லாமல் கொடுக்கும்போது, அதே பொருளை விற்றுப் பிழைக்க நினைக்கும் சிறு நிறுவனத்துக்குத் தூத்துக்குடியில் நடந்ததே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி.

காரணங்களில் ஒன்று பொருளின் இயல்பு. கப்பல் பாதி காலியாகப் போனாலும் நிலக்கரி எரியும். மாலுமிக்குக் கூலி, துறைமுகத்துக்குத் தீர்வை, பழுது பார்க்கச் செலவு எல்லாம் உண்டு. ஒவ்வொரு பயணமும் புதிய செலவு. மென்பொருளை எழுதுவதற்குத்தான் செலவு. எழுதி முடித்ததை இன்னொருவர் பயன்படுத்தக் கூடுதலாக ஆவது மிகக் கொஞ்சம். விலைப் போரில் கப்பல்காரர் நாள்தோறும் இரத்தம் இழக்கிறார். மென்பொருள்காரர் எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடிகிற வரைக்கும் பொறுத்திருக்கலாம். வ.உ.சி.யின் தோல்வியையும் வேம்புவின் வெற்றியையும் ஆளுமையின் கதைகளாக மட்டும் சொல்கிறவர்கள் இந்த எளிய வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். கப்பலையும் மென்பொருளையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தால் முடிவுகளும் ஓரளவு இடம் மாறியிருக்கும்.

ஓரளவுதான். மீதியைத் தீர்மானித்தது இரண்டாவது பணப்பெட்டி. அட்வென்ட்நெட்டின் முதல் சரக்கு, தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கான வலையமைப்பு மேலாண்மை மென்பொருள். 2000–01இல் இணையக் குமிழி உடைந்து வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக மறைந்தபோது, அந்தத் திறமையையே திருப்பி, அலுவலகங்களின் கணினித் துறைகளுக்கு விற்கும் மேனேஜ்என்ஜினை உருவாக்கினார்கள். பொதுமக்கள் அதிகம் கேள்விப்படாத இந்தச் சரக்கின் லாபத்தில்தான் ஜோஹோ பல ஆண்டுகள் வளர்ந்தது. அதாவது, பிரிட்டிஷ் கம்பெனிக்கு மற்றக் கடல்வழிகள் எதைச் செய்தனவோ அதை ஜோஹோவுக்கு மேனேஜ்என்ஜின் செய்தது. வ.உ.சி.யிடம் அப்படி இன்னொரு கடல்வழி இல்லை. வேம்புவின் பாடங்களைப் பட்டியலிடுகிறவர்கள் இதை ஏனோ முதலில் வைப்பதில்லை. பொறுமையாக இரு என்று சொல்வதற்கு முன், பொறுத்திருக்கும் காலத்தில் அடுப்பு எரிவதற்கு வழி சொல்ல வேண்டாமா?

இனி முதலுக்கு வருவோம். சமச்சீர் இங்கே குலைந்து, ஒன்று மற்றொன்றின் தலைகீழ் வடிவமாகிறது.

சுதேசிக் கம்பெனியின் முதல் 10 லட்சம் ரூபாய்; 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியரும் இலங்கையரும் பிற ஆசிய நாட்டவரும் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தவர். கம்பெனியின் உயிராக இருந்த வ.உ.சி.யோ பதவியளவில் உதவிச் செயலாளர். 25 ரூபாய் அந்நாளில் ஏழைக்குக் கைக்கெட்டாத தொகைதான். ஆனால் நடுத்தரக் கடைக்காரருக்கும் வக்கீலுக்கும் எட்டும். ஒரு கடல்வழிப் போக்குவரத்தில் மளிகைக்கடைக்காரர் ஒருவர் பங்காளியாகலாம் என்பது தமிழ்நாட்டுக்கு அதுவரை பழக்கமில்லாத எண்ணம்.

ஜோஹோ இதற்கு நேர் எதிர். துணிகர முதலீட்டாளர்களுக்கு அங்கே இடமில்லை. பங்குச் சந்தையில் அது இல்லை. ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைக் கடந்த பின்னும் வெளியாள் ஒருவர் சந்தைக்குப் போய் அதில் ஒரு பங்கு வாங்க வழியில்லை. கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டுத்தான் தன் சுதந்திரம் என்று வேம்பு பலமுறை விளக்கியிருக்கிறார். வெளியார் பணம் வந்தால் அவர்கள் குறித்த கெடுவுக்குள் நிறுவனத்தை விற்கவோ சந்தைக்குக் கொண்டுவரவோ வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

திறந்த கதவு எப்படி முடிந்தது என்று பார்த்தால் பூட்டின் நியாயம் விளங்கும். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், வ.உ.சி.யும் சிவாவும் முன்னின்றார்கள். மில்லை நடத்திய ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனமே பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்டாகவும் இருந்தது. ஆகவே வேலைநிறுத்தமும் கப்பல் போட்டியும் ஒரே எதிராளியை இரண்டு பக்கமும் தாக்கின. தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்று வென்றார்கள். ஒரு வாரத்துக்குள், மார்ச் 12 அன்று, வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்கு 10 ஆண்டும் விதித்தார்; மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. கம்பெனி இருந்தது, ஆனால் அதன் உயிர் சிறையில் இருந்தது. வெளியே இருந்த பங்காளிகள் குடும்பமும் சொத்தும் உள்ளவர்கள். அரசின் கண் தம்மீது படுவதை அஞ்சினார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கடைக்காரர் 25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கும்போது தன் கடைக்குச் சீல் வைக்கப்படுவதற்கும் சேர்த்துச் சம்மதிப்பதில்லை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. வ.உ.சி. கோவையிலும் கண்ணூரிலும் சிறையில் இருக்கையில் காலியா கப்பல், யாரை எதிர்த்து வாங்கப்பட்டதோ அவர்களிடமே விலைக்குப் போனது.

முதல் பலருடையதாக இருந்ததால் அச்சமும் பலருடையதாயிற்று. ஜோஹோவில் முதல் சிலருடையது; அஞ்சுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்களும் அந்தச் சிலரே. அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 70 கோடி டாலர் செலவில் சில்லுத் தொழிலில் இறங்க ஜோஹோ திட்டமிட்டிருந்தது. தொழில்நுட்பத்தின்மீது போதிய நம்பிக்கை வரவில்லை என்று 2025இல் அதை நிறுத்திவைத்தார்கள். யாரும் கூச்சலிடவில்லை, பங்கு விலை சரியவில்லை, ஏனெனில் சரிவதற்குப் பங்கு விலை என்று ஒன்று இல்லை. வ.உ.சி.க்கோ ஒரு கப்பலை வாங்காமல் ஓராண்டு யோசிக்கலாம் என்ற வசதியே வாய்க்கவில்லை. வாடகைக் கப்பல் போன அன்றே கம்பெனி நிற்க வேண்டியதாகிவிடும்.

ஆனால் பூட்டிய கதவுக்கும் ஒரு விலை உண்டு. வ.உ.சி.யின் கம்பெனி தோற்றது. எனினும் நூற்றுக்கணக்கானவர்களை ஒரு தொழிலின் உடைமையாளர்களாக்கிப் பார்த்துவிட்டுத் தோற்றது. ஜோஹோ வென்றது, அதன் வெற்றியில் தென்காசிக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு, பயிற்சி உண்டு, மரியாதையும் உண்டு, ஆனால் தென்காசி அதற்கு உரிமையாளர் அல்ல. நிறுவனரின் நல்லெண்ணத்தின்மீது நிற்கிற ஏற்பாடு அவருக்குப் பின் என்ன ஆகும் என்ற கேள்வி எப்போதும் பாக்கி இருக்கும். 2025 ஜனவரியில் வேம்பு தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை சைலேஷ் குமார் டேவியிடம் கொடுத்துவிட்டுத் தலைமை அறிவியலாளரானார். அந்தக் கேள்வியை அவரும் எண்ணிப்பார்க்கிறார் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். எது மேல் என்று கேட்டால், கணக்கில் வேம்புவின் வழி, கனவில் வ.உ.சி.யின் வழி. இரண்டையும் ஒன்றாக்க முடியுமா என்பதற்குப் பின்னர் வருவோம்.

அரசோடு இருந்த உறவிலும் தராசின் தட்டுகள் நேர் எதிராக நிற்கின்றன. ஒரு கம்பெனிக்கு எதிரே போட்டியாளரும் கலெக்டரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். மற்றதன் நிறுவனர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டு தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். ஏறத்தாழ 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் அவர் நிறுவனத்தின் தளத்துக்கு மாறியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது வ.உ.சி.க்குச் செய்யும் அநீதி. ஆயினும் ஜோஹோ அரசின் தயவால் எழுந்தது என்று சொல்வதும் பிழை. அரசு வந்து சேர்ந்தபோது அதற்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. அதன் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி வெளிநாட்டவர்.

அந்த வாடிக்கையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர்கள் சுதேசிக் கம்பெனியை நேசித்தார்கள். சும்மா கூட்டிப்போகிறேன் என்ற கப்பலை விட்டுவிட்டுக் காசு கொடுத்துப் போனவர்கள் அவர்கள். ஐயோவாவிலோ ஆம்ஸ்டர்டாமிலோ ஒரு சிறு நிறுவனம் ஜோஹோ டெஸ்க்கை வாங்கும்போது அது தென்காசியில் உருவான சரக்கு என்று அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. விலை கட்டுப்படியாகிறது, வேலை நடக்கிறது, அவ்வளவே. 2017இல் வந்த ஜோஹோ ஒன் ஓர் ஊழியருக்கு நாளுக்கு ஒரு டாலர் என்ற கணக்கில் பல செயலிகளை மொத்தமாகத் தந்தது. அதை வாங்கியவர்கள் கணக்குப் போட்டு வாங்கினார்கள். நேசம் பெரிய பலம். ஆனால் அதை வெளியிலிருந்து அச்சுறுத்த முடியும். 1908 மார்ச்சில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அதுதான் நடந்தது. கணக்குப் பார்த்து வாங்குகிறவரை யாரும் அச்சுறுத்துவதில்லை.

நேசம் திடீரென்று பெருகி வந்தால் அதுவும் ஒரு சோதனைதான் என்பதை ஜோஹோ பின்னால் உணர்ந்தது. 2021இல் தொடங்கி அமைதியாகக் கிடந்த அதன் ‘அரட்டை’ செயலிக்கு 2025 செப்டம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,50,000 ஆயின என்று வேம்பு எழுதினார். அதுவரை சுதேசிக் கப்பலின் கூட்டத்தை ஜோஹோ பார்த்ததில்லை. வந்தவர்கள் உடனே கேட்டது, எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் ஏன் இல்லை என்பதுதான். பற்றினால் ஏறுகிற பயணியும் கப்பல் ஒழுகுகிறதா என்று பார்த்துத்தான் ஏறுகிறார்.

இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே உள்ள உறவுகளில் எனக்கு மிகப் பிடித்தது பள்ளிக்கூடம்.

சுதேசிக் கம்பெனியின் நோக்கங்களில் கப்பல் ஓட்டுவது மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. இந்தியருக்கும் இலங்கையருக்கும் பிற ஆசியருக்கும் மாலுமித் தொழிலையும் கப்பல் பொறியியலையும் கப்பல் கட்டுவதையும் கற்றுக்கொடுப்பது, அதற்குப் பள்ளிகள் அமைப்பது, கப்பல் கட்டும் துறைகளை நிறுவுவது ஆகியவையும் அதில் இருந்தன. சொந்தக் கப்பல் ஒன்றுகூட இல்லாத நாளில் எழுதியவை இவை. கப்பல் வாங்கினால் போதாது, ஓட்டவும் செய்யவும் நம் ஆட்கள் வேண்டும் என்று முதல் காகிதத்திலேயே கண்டவர்கள் அவர்கள். அந்தப் பள்ளி எழவில்லை. எழுவதற்குக் காலம் கிடைக்கவில்லை.

ஜோஹோவின் பள்ளி 2005 வாக்கில், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு சென்னையில் தொடங்கியது. பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து, நிரல் எழுதவும் கணக்கும் ஆங்கிலமும் கற்றுக்கொடுத்து வேலையும் தந்தார்கள். மதிப்பெண் சான்றிதழுக்கும் வேலைத் திறமைக்கும் தொடர்பில்லை என்று தம் ஊழியர்களை வைத்தே கண்ட பிறகு எடுத்த முடிவு அது. பின்பு தென்காசியிலும் பள்ளி வந்தது. வ.உ.சி. எழுதி வைத்ததை அடுத்த நூற்றாண்டில் இன்னொருவர் வேறொரு தொழிலுக்குச் செய்து முடித்ததுபோல் இருக்கிறது. அந்தக் கம்பெனிக் காகிதத்தை வேம்பு படித்திருந்தாரா என்பது இங்கே கேள்வியல்ல. பெருங்கம்பெனியை எதிர்க்கிற எவரும் ஆள் பஞ்சத்தில்தான் முதலில் இடறுவார்; பயின்ற ஆட்களை எல்லாம் பெருங்கம்பெனி ஏற்கெனவே அதிகச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும். அப்போது மிஞ்சுகிற ஒரே வழி, மற்றவர்கள் ஆளாகவே மதிக்காதவர்களிடம் போவது. இருவரையும் அந்த வழிக்குக் கொண்டுவந்தது ஒரே நெருக்கடி.

ஊருக்குப் போவதும் இதன் தொடர்ச்சியே. 2011இல் தென்காசியில் ஒரு சிறு குழுவோடு அலுவலகம் திறந்தபோது அது ஒரு பரிசோதனை. 2019இல் வேம்புவே மத்தளம்பாறையில் வந்து குடியேறியபோது அது கொள்கையாயிற்று. இதற்கு இணையைத் தேடினால் வ.உ.சி.யிடம் கிடைக்காது, சிவாவிடம் கிடைக்கும்.

1912 டிசம்பர் 24 அன்று வ.உ.சி. விடுதலையானபோது சிறை வாசலில் பெருங்கூட்டம் இல்லை. காத்திருந்த சிலரில் ஒருவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தொழுநோயால் உருமாறிய சிவா அவர் என்று பிறகே உணர்ந்தார் என்பார்கள். சேலம் சிறையில் ஆட்டு மயிர் அடிக்கும் வேலையில் வாங்கிய நோய் அது என்று இங்கே வழிவழியாகச் சொல்வது உண்டு. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. எந்த மாவட்டத்துச் சிறை அவர் உடலை உருக்கியதோ அதே மாவட்டத்தின் ஒரு மூலைக் கிராமத்தைத் தம் பணிக்கு அவர் தேர்ந்தெடுத்தார். தொழுநோயாளி என்று ரயிலில் ஏற்ற மறுத்த பிறகும் மாட்டுவண்டியிலும் நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனிதர், பாப்பாரப்பட்டியில் நண்பர்கள் உதவியோடு நிலம் வாங்கிப் பாரதாசிரமம் அமைத்தார். பாரதமாதா கோயிலுக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். இளைஞர்களை ஓரிடத்தில் வைத்துப் பழக்க வேண்டும் என்பது சிவாவின் எண்ணம். அதற்கு அவர் நகரத்தைத் தேடவில்லை.

வேம்பு ஊருக்குப் போனபோது கண்ணாடி இழை வழியாகச் சந்தையும் அவர் கூடவே போனது. சிவா ஊருக்கு வந்தபோது கையில் இருந்தது குரல் மட்டுமே. அந்தக் குரல் நாற்பது வயதில் நின்றதும் ஆசிரமமும் தளர்ந்தது. கோயில் அவர் நினைத்தபடி எழவில்லை. இன்று அவருக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. பாரதமாதாவுக்கு நினைவாலயமும் வந்துவிட்டது. அவர் பழக்க நினைத்த இளைஞர்கள்தான் ஊரில் இல்லை. ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிற பேருந்துகளில் இருக்கிறார்கள்.

பென்னாகரம் சாலைத் தேநீர்க் கடையில் பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருவன் கேட்டான்: “தென்காசிக்கு வந்தாங்க, ரேணிகுண்டாவுக்கு வந்தாங்க, கேரளாவுல கொட்டாரக்கரைக்கும் வந்துட்டாங்க. நம்ம ஊருக்கு ஏன் சார் வரல?” நியாயமான கேள்விதான். ஆனால் ஒப்பீட்டை இவ்வளவு தூரம் கொண்டுவந்த பின், நான் அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுக்கொள்கிறேன்: நம்மிடம் இருப்பதை வைத்து, வ.உ.சி.யின் திறந்த கதவும் வேம்புவின் பூட்டும் ஒருசேர அமைந்த ஒன்றை இங்கே நாமே நடத்த முடியுமா?

சட்டத்தில் அதற்கு ஒரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த உற்பத்தியாளர் நிறுவனம் அது. விவசாயிகளே பங்காளிகள், பங்கு எத்தனை இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு, பங்கைச் சந்தையில் விற்க முடியாது, உறுப்பினர்களுக்குள்தான் மாற்றிக்கொள்ளலாம். பலரின் சிறு முதல், ஆனால் வெளியார் விலைக்கு வாங்க முடியாத கம்பெனி. காலியாவுக்கு நேர்ந்ததைச் சட்டமே ஓரளவு தடுக்கிறது. 2020இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில், உறுப்பினர் போடும் பங்குப் பணத்துக்கு ஈடாக ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை மானியமும் வகுக்கப்பட்டது. தருமபுரி மாவட்டத்திலும் இத்தகைய நிறுவனங்கள் இருக்கின்றன. சாமையும் கேழ்வரகும் விளைகிற மண் இது. வேளாண் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நிலையமும் பாப்பாரப்பட்டியிலேயே இருக்கிறது.

வடிவம் இருக்கிறது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. சாமையை அறுவடைக் காலத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கி, உமி நீக்கி, விலை ஏறும்வரை வைத்திருக்க நடைமுறை முதல் வேண்டும். பெரும்பாலான உற்பத்தியாளர் நிறுவனங்கள் திணறுவது அங்கேதான். பெரிய வியாபாரி ஒரு பருவத்துக்கு மட்டும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் உறுப்பினர்களே சரக்கை அவரிடம் கொண்டுபோய்ப் போடுவார்கள். குடை வேறு வடிவத்தில் வந்து நிற்கும். அந்தப் பருவத்தைத் தாண்ட மேனேஜ்என்ஜின்போல் இன்னொரு வரும்படி வேண்டும்: விதையோ, உர விற்பனையோ, உமி நீக்கும் இயந்திரத்தை வெளியாருக்குக் கூலிக்கு ஓட்டுவதோ. அந்த இயந்திரத்தை ஓட்டவும் கணக்கு எழுதவும் பெங்களூரில் வாங்குவதற்குச் சற்றுக் குறைந்த சம்பளத்துக்கு இந்த ஊரிலேயே இருக்கச் சம்மதிக்கிற இரண்டு மூன்று பேர் வேண்டும். தேநீர்க் கடைப் பையனிடம் இதைச் சொன்னேன். சம்பளம் எவ்வளவு, முதல் ஆண்டு நட்டம் வந்தால் யார் கொடுப்பார்கள் என்று அவன் உடனே கேட்டான்.